மடங்காத சுண்டுவிரல்

பாலமுனைக் கலியாண வீடொன்றில் யாரோ யாருக்கோ சொல்லி, அதைக் கேட்டவள் அக்கரைப்பற்று பஸ்ஸில் பக்கத்துச் சீற்காரிக்குச் சொல்லி, அப்படியே கைமாறி வந்த கதை அது. கல்முனை பஸாரில் முனவ்வறாவின் தையல் கடைக்கு அபாயா எடுக்க வந்த றஸ்னாவின் வாயால் அது எமிலியானாவின் காதில் விழுந்தபோது பகல் பதினொரு மணி இருக்கும்.

“மாஷா அல்லாஹ், எமிலி அக்கா! ஒங்கட மனசு ஆருக்கு வரும்? லொறி சரீப் ஹாஜியாரை மன்னிச்சிட்டீங்களாமே! கையால சிலுவை போட்டுக் காட்டி மன்னிச்சதாம் எண்டு ஊரெல்லாம் கதை.”

எமிலியானாவின் கால் தையல் மெஷினின் மிதியில் நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஊசி துணிக்குள் குத்தியபடி நின்றது.

“ஆரு சொன்ன?”

“எங்கட சாச்சி. சாச்சிக்கு ஹுஸ்னியா மாமிட சொந்தக்காரப் புள்ள சொல்லியிரிக்கி. ஹுஸ்னியா மாமி ஆரு, சரீப் ஹாஜியார்ர பொஞ்சாதி.”

“அந்தாள் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவே இல்ல. அதுக்குள்ள ஹாஜியாரா?”

“போகத்தானே போறார். வாற சனிக்கிழமை பயணம்.”

“நான் மன்னிக்கல்ல.”

இந்த மனுசி தன் நன்மையைத் தானே சொல்லிக்காட்ட வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு றஸ்னா சிரித்தாள். எமிலியானா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“மன்னிக்கவும் இல்ல, மன்னிக்கிற யோசனையும் இல்ல. ஒங்கட சாச்சிக்கிட்டச் சொல்லுங்க, அவ கேட்ட வழியாலேயே திருப்பி அனுப்பச் சொல்லுங்க. இப்ப இதை ஒருக்காப் போட்டுப் பாருங்க, கை நீளமெண்டாக் குறைச்சித் தாறன்.”

றஸ்னா அபாயாவைப் போட்டுப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எமிலியானா சொறிக்கல்முனைக்காரி. வயது ஐம்பத்தாறு. பிள்ளைகள் இல்லை. கிழமையில் ஐந்து நாள் கல்முனையில் அபாயாவும் பள்ளிச் சீருடையும் தைப்பாள். சனிக்கிழமைகளில் அரைநாள் தைத்துவிட்டுப் பின்னேரம் ஊர்க் கோயிலில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்குச் செபம் படிப்பிப்பாள். ஊரில் அவள் எமிலி ரீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் படிப்பித்ததில்லை. இருந்தாலும் இருபது வருடமாக அந்த ஊரில் மூவொரு கடவுள் யார், எதற்காக மனுவுருவானார், எதற்காகச் சிலுவையில் மரித்தார், மூன்றாம் நாள் ஏன் கல்லறை வெறுமையாகக் கிடந்தது என்று ஏழு வயதில் தெரிந்துகொண்ட எல்லாரும் அவளிடமிருந்தே தெரிந்துகொண்டார்கள்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களையும் அவள் விரலில்தான் படிப்பிப்பாள். பெருவிரல், செய்ததை நினைத்துப் பார்க்கிறது. ஆள்காட்டி விரல், அதற்காக மனம் வருந்துகிறது. நடுவிரல், இனிமேல் செய்வதில்லை என்று உறுதி எடுக்கிறது. மோதிரவிரல், வாய்விட்டுச் சொல்கிறது. சுண்டுவிரல், கெடுத்ததைச் சரிக்கட்டுகிறது. ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்து, “சின்ன விரல்தான், ஆனா அதை மடக்காட்டி கை மூடாது. கை மூடாட்டிப் பாவம் தீராது” என்பாள். பிள்ளைகள் மடக்கி மடக்கிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. ஒன்பது வருடமாக எமிலி ரீச்சர் செபத்தில் ஒரு வரி சொல்வதில்லை. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்களையும் பொறுத்துக்கொள்ளும் என்று பிதாவைக் கேட்கிற இடம் வந்ததும் அவள் குனிந்து புத்தகத்தை அடுக்குவாள், அல்லது கதவைப் பார்ப்பாள். விசுவாசப் பிரமாணத்திலும் அப்படித்தான். உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பிட வருவார் என்கிற இடத்தில் ரீச்சரின் குரல் கோயில் ஓட்டைத் தொடும். பாவ மன்னிப்பு என்கிற இடத்தில் பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்கும்.

அந்த ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு மாசிமாத விடியலில், வெட்டிக் குவித்த நெல்லுக்குக் காவல் இருந்துவிட்டு அவளுடைய புருசன் கனகரெத்தினம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சவளக்கடைப் பக்கத்து வளைவில் நெல் ஏற்ற வந்த சரீப்பின் லொறி அவரை அடித்தது. ஆள் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். சைக்கிள் கூடையில் ஒரு போத்தல் இருந்தது. சாராயப் போத்தல். அதற்குள் இருந்தது கோயிலில் மந்திரித்த தீர்த்தம்; நெல் குவியலுக்குத் தெளிக்கக் கொண்டுபோனது. ஊரில் முக்கால்வாசிப் பேர் தீர்த்தம் எடுப்பது அந்தப் போத்தலில்தான். நல்ல கண்ணாடி, இறுக்கமான மூடி.

சரீப் மரண விசாரணையில் சொன்னார்: “ஆள் தள்ளாடித் தள்ளாடித்தான் சைக்கிளை ஓட்டிவந்த. கிட்டப் போய்ப் பார்த்தன். சாராயம் மணந்த.”

தீர்த்தத்துக்கு ஏது மணம்?

கனகரெத்தினம் கலியாணம் கட்டிய புதிதில் நன்றாகக் குடித்தவர். பிறகு ஒரு தவக்காலத் தியானத்தில் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று குடியை விட்டவர், விட்டதுதான். பதினெட்டு வருடம் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. மற்றவன் குடித்தால் வீட்டுக்கே போய் ஏசுவார். அப்படி ஏச்சு வாங்கியவர்களுக்கு சரீப்பின் ஒற்றைச் சொல் பெருநாள் சாப்பாடாகிவிட்டது. செத்த வீட்டுப் பந்தலுக்குள்ளேயே ஒருத்தன் மெல்லமாகச் சொன்னான்: “அண்ணன் தீர்த்தம் கொஞ்சம் கூடக் குடிச்சிட்டார் போல.” நாலு பேர் சிரித்தார்கள். எமிலியானா பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தாள். சிரிப்பு அவளுக்குக் கேட்டது. அன்றைக்கு அழுகையை நிறுத்தியவள் பிறகு அழவே இல்லை.

பொலிஸ், கோட், தண்டம் எல்லாம் வந்து போயின. சரீப் லொறியை விற்று வேறு லொறி வாங்கினார். சொல் மட்டும் ஊரில் அப்படியே கிடந்தது.

இந்த வருடம் பாஸ்குத் திருநாள் முடிந்த மறுகிழமை சரீப் அவள் வீட்டுக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படி வீடுவீடாகப் போய்ப் பயணம் சொல்லி, செய்த குறைகளுக்குப் பொருத்தம் என்கிற மன்னிப்பைக் கேட்பது அந்தப் பக்கத்து முஸ்லிம்களின் வழக்கம். தலையில் வெள்ளைத் தொப்பி, கூடவே பொஞ்சாதி ஹுஸ்னியா. முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

“தங்கச்சி, நான் அல்லாட வீட்டுக்குப் போறன். தெரிஞ்சோ தெரியாமலோ ஒங்களுக்கு ஏதும் வருத்தம் செஞ்சிருந்தாப் பொருந்திக்கோங்க.”

தெரிஞ்சோ தெரியாமலோ! முதல் வீட்டிலும் அதே சொல், முப்பதாவது வீட்டிலும் அதே சொல். எமிலியானாவின் வாய்க்குள் ஒன்பது வருடத்து வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளிலும் கையை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டாள். ஆண்டவரே, இந்த வாயைப் பிடியும் என்பதற்காகப் போட்டது. போட்டவள் திரும்பி உள்ளே போய், அவர்கள் படலை தாண்டும்வரை குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஹுஸ்னியா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைக் கதவிடுக்கால் பார்த்தாள். ஏன் துடைத்தாள் என்று அப்போது விளங்கவில்லை. றஸ்னா வந்து போன பிறகுதான் விளங்கியது.

முனவ்வறாவுக்கு எல்லாவற்றையும் சொன்னபோது அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். கனகரெத்தினம் செத்த வருடமே எமிலியானாவைக் கடைக்குக் கூப்பிட்டு மெஷினில் இருத்தியவள் அவள். அவள் சிரித்தால் எமிலியானாவுக்குக் கோபம் வருவதில்லை.

“அட அல்லாஹ்! ஒங்கட சாமிமார் மன்னிக்கக்குள்ள கையால அப்பிடித்தானே காட்டுற? மனிசன் ஒன்ட கையைப் பார்த்திட்டு, வேலை முடிஞ்சி எண்டு போயிரிக்கார்.”

“எனக்கு நான் போட்ட சிலுவை ராத்தா, அவருக்கில்ல.”

“அவருக்கெங்க தெரியும்?” முனவ்வறா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. “ஆனா ஒண்டு சொல்றன் எமிலி. நீ பொருந்தல்ல எண்டா அது லேசுப்பட்ட காரியமில்ல. அல்லாக்குச் செஞ்ச பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான். அடியானுக்குச் செஞ்சதை அந்த அடியான்தான் பொருந்தணும். அது ஒன்ட ஹக்கு, ஒன்ட உரிமை. நீ பொருந்தாட்டி மறுமையில அவர்ர நன்மையை எடுத்து ஒனக்குத் தருவான்.”

“தொழுத நன்மை?”

“ஓம்.”

“நோன்பு?”

“அதுவும்.”

“இந்த ஹஜ்ஜும்?”

“அதுவும்தான் புள்ள.”

எமிலியானா சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

கோயிலில் போய்ப் பாதர் லக்சனிடம் அவளே சொன்னாள். பாதருக்கு வயது முப்பத்திரண்டு. ஊருக்கு வந்து ஒரு வருடம். பூசை உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லமாகக் கேட்டார்.

“ரீச்சர், சிலுவையில கிடந்துகொண்டே அவர் மன்னிச்சாரே. ஆணி அடிச்சவன் வந்து மன்னிப்புக் கேட்டவனா?”

“அவர் கடவுள்.”

“மனிசனாயும்தான் கிடந்தவர். நீங்கதானே அதைப் படிப்பிக்கிறீங்க?”

“பாதர், அவரையும் பொய்ச்சாட்சி சொல்லித்தான் கொன்ற. ஆனா மூண்டாம் நாள் எழும்பி வந்து அந்தப் பொய்யைப் பொய்யாக்கிட்டார். என்ட மனிசன் எப்ப எழும்புற? கடைசி நாளில. அதுவரைக்கும் குடிகாரன் எண்ட பேரோடயா கிடக்கிற? எழும்பேக்க அந்தப் பேரோடயா எழும்புற?”

பாதர் மடித்த உடுப்பை மேசையில் வைத்தார்.

“மன்னிக்கிற எண்டாச் செஞ்சது சரியெண்டு ஒத்துக்கொள்றதில்ல ரீச்சர்.”

“நீங்க மன்னிங்க பாதர். ஒங்களுக்கு லேசு. ஒங்கட ஆளை அடிக்கல்ல.”

சொன்ன பிறகு வாய் கூசியது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை. போகும்போது கை விரலை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். “அஞ்சு காரியம் இரிக்கி பாதர். அந்தாள் ஒண்டும் இல்லாம வந்த.”

பயணத்துக்கு முந்திய வியாழக்கிழமை சரீப்பின் வீட்டில் சாப்பாடு. ஊரும் உறவும் கூடி ஹாஜியாரை வழியனுப்புகிற சாப்பாடு. எமிலியானா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சாரியைக் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினாள். மருதமுனையில் நெய்த சாரி. கனகரெத்தினம் வாங்கித் தந்த கடைசிச் சாரி. நிந்தவூர் தாண்டியதும் நெஞ்சு படபடத்தது. பயமில்லை. திருநாளுக்குப் போகிற பிள்ளையின் படபடப்பு.

பந்தலுக்குள் ஆம்பிளைகள் சகன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டுகளைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். வாசலில் நிற்கிற கிறிஸ்தவப் பொம்பிளையைக் கண்டு ஹுஸ்னியா ஓடி வந்தாள்.

“வாங்க தங்கச்சி, வாங்க! ஒங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! சாப்பிட வாங்க.”

“சாப்பிட வரல்ல. ஒங்கட ஆள் ஒரு பொருத்தம் கேட்டு வந்தார். அதுக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லல்ல. சொல்ல வந்தன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பந்தல் அடங்கிவிட்டது. சரீப் கை கழுவாமலே எழும்பி வந்தார்.

“நான் சிலுவை போட்டது எனக்கு. ஒங்களை ஏசாமலிருக்க. ஒங்கட ஹஜ்ஜு ஒங்களுக்குக் கிடைக்குமோ எனக்குக் கிடைக்குமோ எண்டு ஒங்கட மௌலவிக்கிட்டக் கேட்டுக்கோங்க. நான் பொருந்தல்ல.”

பந்தலுக்குள் யாரோ “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார்கள். சரீப்பின் முகம் வெளிறிப்போனது. அதைப் பார்க்கத்தான் அவள் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தாள். ஆசை தீரப் பார்த்தாள்.

அவர் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார். ஹுஸ்னியா கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். கட்டிலில் ஹஜ்ஜுக்குக் கட்டுகிற இஹ்ராம் துணி, புதிதாக, மடிப்புக் கலையாமல் கிடந்தது. சரீப் அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பிறகு உட்கார முடியாமல் எழும்பினார்.

“தங்கச்சி, நான் தூங்கிட்டன். ராவெல்லாம் லொறி ஓடின. ஒரு கண் மூடித் திறக்கிற நேரம். அவர் தள்ளாடல்ல. நேராத்தான் வந்த.”

எமிலியானா பெருவிரலை மடக்கினாள். அவருக்கு அது விளங்கவில்லை.

“ஒண்டும் மணக்கல்ல. போத்தல் கண்ணில பட்டிச்சி. பொலிஸ் கேட்ட உடனே வாயில வந்திட்டு. சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கப் பயம். அண்டைக்கிருந்து ராவில கண்ணை மூடினா அந்தச் சைக்கிள் மணிதான் கேக்குது.” வயதுபோன மனிதர் தோள் குலுங்க அழுதார். “இனி ஒரு பொய் என்ட வாயில வராது. பொருந்திக்கோங்க.”

நினைத்துப் பார்த்துவிட்டார். மனம் வருந்திவிட்டார். உறுதி எடுத்துவிட்டார். வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எமிலியானா நாலு விரலையும் மடக்கி, சுண்டுவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஊருக்கு முன்னால சொன்ன பொய். அறைக்குள்ள சொன்னாத் தீராது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை. ஒங்கட பள்ளியில எழும்பி நிண்டு, கனகரெத்தினம் குடிக்கல்ல, நான் பொய் சொன்னன் எண்டு சொல்லுங்க. மைக்கில சொல்லுங்க.”

“அல்லாவே!” என்றாள் ஹுஸ்னியா. “தங்கச்சி, மருமகன்மார் இரிக்காங்க, சம்பந்திமார் இரிக்காங்க. ஹஜ்ஜுக்குப் போற நேரம் இந்த மனிசன்ட மானத்தை வாங்கப் போறீங்களா?”

“என்ட மனிசன்ட மானத்தைக் குழிக்குப் போற நேரம் வாங்கினார். இவர் ஹஜ்ஜுக்குத்தானே போறார்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் சொல்ல மாட்டார். அது அவளுக்கு நிச்சயம். சொல்லாமல் போவார், கஃபாவைச் சுற்றும்போதும் அவளுடைய சுண்டுவிரல் கண்ணுக்குள் நிற்கும், திரும்பி வந்து ஹாஜியார் என்று யார் கூப்பிட்டாலும் குத்தும். இதைவிட நல்ல தீர்ப்பை எந்தக் கோட்டும் தந்திருக்காது. அன்றைக்கு வீட்டில் கனகரெத்தினத்தின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள்.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குள் கால் வைத்ததும் முனவ்வறா எழும்பி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“சொல்லிட்டார் புள்ள.”

“என்ன சொன்ன?”

“நேத்து, ஜும்ஆ முடிஞ்ச கையோட. இமாமுக்கிட்டக் கேட்டு மைக்கை வாங்கி. அந்த மனிசன் குடிக்கல்ல, போத்தலுக்குள்ள இருந்தது அவங்கட வேதத்துத் தண்ணி, நான் பொய்ச்சாட்சி சொன்னன், தூக்கத்தில அடிச்சது நான்தான் எண்டு. பள்ளி நிறைஞ்ச சனம். மருமகன் றிம்சான் பாதியில எழும்பிப் போயிட்டானாம்.”

“இதுவும் சிலுவைக் கதை மாதிரித்தான். ஆரோ ஆருக்கோ சொன்ன.”

“இல்ல எமிலி. என்ட தம்பி முஸ்தாக் மூணாவது சஃப்பு வரிசையில இருந்தவன். காதால கேட்டவன், ராவுதான் வந்து சொன்ன.”

எமிலியானா மெஷினில் போய் இருந்தாள். நூல் கோத்தாள். அறுந்தது. மறுகா கோத்தாள். சந்தோஷம் வருமென்று பார்த்தாள், வரவில்லை. அவள் கேட்டது அவர் செய்ய மாட்டார் என்கிற தைரியத்தில். செய்யாத மனிதனை ஆயுள் முழுக்க வெறுக்கலாம். செய்துவிட்டவனை என்ன செய்கிறது? முதலில் புருசனை எடுத்தார், பிறகு புருசனின் பேரை எடுத்தார், இப்போது பேரைத் தந்துவிட்டு, மிச்சமிருந்த இந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார். ஒன்பது வருடம் சோறு தண்ணி போட்டு வளர்த்த கோபம். அதையும் கொடுத்துவிட்டால் வீட்டில் தன்னோடு யார் இருப்பது?

“அவர் எயார்போட்டிலிருந்து ஒனக்குப் போன் எடுப்பார்” என்றாள் முனவ்வறா. “ஹுஸ்னியா நம்பர் கேட்ட. குடுத்திட்டன். ஏசாத. நாலு மணிக்குப் பிறகு எடுப்பாராம். நீ ஒரு சொல்லுச் சொன்னாத்தான் அந்த மனிசன் இஹ்ராமைக் கட்டுவார் போல.”

“சொல்லாட்டி?”

“அது ஒன்ட ஹக்கு. நான் அதில கதைக்க மாட்டன்.”

பின்னேரம் கோயிலில் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். எமிலியானா ஐந்து விரலையும் படிப்பித்தாள். சுண்டுவிரலுக்கு வந்ததும் அவள் கை ஒரு கணம் தயங்கி, பிறகு மூடியது. கை முழுதாக மூடியிருந்தது. அதை அவள் சற்று நேரம் பார்த்தாள்.

“சரி, எழும்புங்க. செபம் சொல்லி முடிப்பம்.”

பிள்ளைகள் எழும்பினார்கள். பரலோகத்திலிருக்கிற பிதாவைக் கூப்பிட்டுத் தொடங்கிய நேரம், மேசையில் கிடந்த போன் அடித்தது. பேர் போடாத நம்பர்; நேரம் நாலு மணி தாண்டியிருந்தது. பிள்ளைகள் நிறுத்திவிட்டு ரீச்சரைப் பார்த்தார்கள்.

“நீங்க சொல்லுங்க” என்றாள்.

அவர்கள் சொன்னார்கள். அவருடைய நாமத்தைச் சொன்னார்கள், அவருடைய இராச்சியத்தைக் கேட்டார்கள், அன்றன்றைய அப்பத்தைக் கேட்டார்கள். போன் அடித்து ஓய்ந்தது. அந்த வரி வந்தது. பன்னிரண்டு முகங்களும் நிமிர்ந்தன. இந்த இடத்தில் ரீச்சர் குனிந்து புத்தகம் அடுக்குவாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரீச்சர் குனியவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. எமிலியானா மூடிய கையோடு மேசைக்குக் கிட்டப் போனாள். அது மேசைப் பலகையில் அதிர்ந்து அதிர்ந்து, பாடப் புத்தகத்தை இடித்துக்கொண்டு, அடித்துக்கொண்டே இருந்தது.